வெள்ளை எங்கே நிற்க வேண்டும்

என் தங்கமே, கோகிலா,

இதை எழுதுவது நான்தான். நான் சொல்லச் சொல்ல வேறு யாரும் எழுதித் தரவில்லை. உன் அப்பா முத்தையா, தன் கையால் எழுதுகிறேன். நீ நம்ப மாட்டாய். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் உன் அம்மாவே இன்னும் முழுதாக நம்பவில்லை. "என்னாங்க, ஒரு வரிக்கு இவ்வளவு நேரமா? அதுக்குள்ள நான் ஒரு கூடை கொழுந்து எடுத்துருவேன்" என்கிறாள். எடுக்கட்டும். எனக்கு அவசரமில்லை.

நம் தேயிலைத் தோட்டத்துப் புள்ளக்காம்பராவில் சாயங்காலங்களில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள். பகலில் குழந்தைகள் தூங்கும் இடத்தில் அந்தியில் நாங்கள் உட்காருகிறோம். கதிரைகள் எல்லாம் குழந்தைகளுக்குச் செய்தவை. உட்கார்ந்தால் முழங்கால் காதுக்கு வருகிறது. சுவரில் 'அ'வுக்குப் பக்கத்தில் ஓர் அணில். அந்த அணிலைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த வயதில் எழுத்துப் படித்தேன். மிஸ் போன வாரம் எல்லாரையும் ஒரு கடிதம் எழுதி வரச் சொன்னார். நன்றாக இருந்தால் பத்திரிகைக்கு அனுப்புவாராம். மற்றவர்கள் கூரை ஒழுகுகிறது என்று தோட்டத்துத் துரைக்கு எழுதினார்கள். எனக்கு எழுத உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள், சொல்லு?

நான் முதலில் நானாகவே வாசித்த சொல் எது தெரியுமா? வத்தேகம. பஸ்ஸின் நெற்றியில் இருந்தது. இத்தனை வருடம் பஸ்ஸின் நிறத்தையும் டிரைவரின் முகத்தையும் பார்த்துத்தான் ஏறினேன். அன்றைக்கு அந்தச் சொல் தானாக வந்து என் வாயில் விழுந்தது. பிறகு வத்தேகம தாண்டிக் கண்டி வரைக்கும் நிறுத்தவே இல்லை. பேக்கரி, சலூன், மரக்காலை, இங்கே எச்சில் துப்பாதீர். எல்லாவற்றையும் உரக்க வாசித்துக்கொண்டே போனேன். உன் அம்மா முழங்கையால் இடித்தாள். "வாய மூடுங்க. பஸ்ஸுக்கே கேக்குது." கேட்டால் என்ன? எனக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது. அந்தச் சந்தோசத்தை முதலில் யாரிடம் சொல்லலாம் என்று நினைத்தபோது உன் முகம்தான் வந்தது. கண்டி மணிக்கூட்டுக் கோபுரம் வரும்வரை பிறகு நான் எதையும் வாசிக்கவில்லை.

நீ போன அன்று, தோட்டத்துப் பொடியன்கள் உன் படம் போட்ட பேனர் ஒன்றை ரோட்டு வளைவில் கட்டினார்கள். படத்துக்குக் கீழே பெரிய எழுத்துக்கள். தினமும் அதற்குக் கீழே போய் நிற்பேன். அதில் எது உன் பெயர் என்று எனக்குத் தெரியாது. யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சமாக இருந்தது. பெற்ற பிள்ளையின் பெயர் எது என்று எப்படிக் கேட்பது? அதற்காகத்தான் வகுப்புக்குப் போனேன். 'கோ' எழுதப் பழகி முடிப்பதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. காற்று பேனரைக் கிழித்து, பாதியைக் கீழே ஓடைக்குக் கொண்டு போனது. மிச்சம் இருந்ததை ஒரு நாள் போய் வாசித்தேன். 'கண்ணீர்' என்று மட்டும் இருந்தது.

பரவாயில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அது சாவுக்குப் போட்ட பெயர். உன் வேலைக்குப் பக்கத்தில் உன் பெயர் இருந்தால் அதை வாசிக்கலாம் என்று ஓர் ஆசை. அந்த ஆசைக்கு என்ன நடந்தது என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் சொல்ல வேண்டும். சுற்றிச் சுற்றி வருகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

கடிதத்தை வாசிக்கும் மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்று மிஸ் சொல்லியிருக்கிறார். அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன். கண்டியில் கட்டுக்கலைப் பக்கம், ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன ஒபிஸில் நீ மேப் போட்டாய். ஜி.ஐ.எஸ். என்று சொல்வாய். தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது, எந்த மலையில் மண் சரியும், எந்தப் பிரதேச சபைக்கு எது எல்லை, எல்லாம் உன் கொம்பியூட்டரில் இருந்தன. உங்க மக என்ன வேலை செய்றா என்று யாராவது கேட்டால் "ஊருக்குச் சாயம் பூசுறா" என்று சொல்வேன். நீ தலையில் அடித்துக்கொள்வாய். ஆனால் அது பொய் இல்லையே.

தேர்தல் முடிந்து வந்த பௌர்ணமிப் போயா லீவுக்கு நீ லேப்டாப்போடு வந்தாய். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டாய். "அப்பா, இங்க வாங்க. ஒபிஸ்ல எல்லாருக்கும் காட்டிட்டேன். அவங்க படத்தப் பார்க்காம எழுத்தத்தான் படிக்கிறாங்க. எழுத்து தெரியாத ஒரு ஆள் வேணும். நீங்கதான் சரி."

"படிக்காததுக்கும் ஒரு உத்தியோகம் கெடைச்சிருக்கு பாரு" என்றாள் உன் அம்மா, அடுப்படியில் இருந்து.

சபைத் தேர்தலில் வட்டாரம் வட்டாரமாக எந்த அணி எவ்வளவு முந்தியது என்ற மேப் அது. போட்டி இரண்டு அணிக்கு நடுவில். ஒன்றுக்கு ஊதா, மற்றதற்குச் செம்மஞ்சள். நிறைய முந்தினால் நிறம் அடர்த்தி, கொஞ்சமாக முந்தினால் வெளிறல். ஏன் கட்சிக் கலர் போடவில்லை என்று கேட்டேன். "கட்சிக் கலரப் போட்டா மேப்ப யாரும் பார்க்க மாட்டாங்கப்பா. கட்சியத்தான் பார்ப்பாங்க. அப்புறம் எங்கிட்ட சண்டைக்கு வருவாங்க" என்றாய்.

நான் பார்த்தேன். கீழ்ப் பக்கம் ஊதா திரண்டு இருந்தது. அங்கங்கே கொஞ்சம் மெல்லிய செம்மஞ்சள். மலையை நீ விரலால் காட்டினாய். இது பன்விலை, இது மடுல்கெல்ல, இதுதான் நம்ம வட்டாரம். அது வெள்ளையாக இருந்தது. ஒன்றுமே இல்லை. வெறும் கடதாசி.

"என்னா புள்ள, நம்ம ஊர்ல ஆளே இல்லியா?" என்று கேட்டேன்.

நான் சாதாரணமாகத்தான் கேட்டேன் என்று நினைத்தேன். ஆனால் என் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டதை நீ கவனித்துவிட்டாய். எனக்குக் குடியுரிமை கிடைத்து ஓட்டு வந்தபோது என் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அதற்கு முன்னால் தேர்தல் நாள் என்றால் எங்களுக்கு அது மற்றொரு வேலை நாள். இந்த மண்ணில் பிறந்து, இந்த மலைத் தேயிலையைக் கவ்வாத்து வெட்டி, எந்தக் கணக்கிலும் வராமல் கிடந்தோம். முதல் தடவை விரலில் மை வைத்தபோது அன்றைக்கு அந்தக் கையைக் கழுவாமலே இருக்கலாமா என்று யோசித்தேன், மை போய்விடும் என்று. அதனால்தான் வெள்ளையைப் பார்த்ததும் அப்படி ஆகிவிட்டது. என் பிள்ளையே போட்ட மேப்பிலும் நாங்கள் இல்லையா என்று.

நீ சிரிக்கவில்லை. லேப்டாப்பை என் மடியில் வைத்தாய். "இது ஆள் இல்லாத வெள்ள இல்லப்பா. ரெண்டு பக்கமும் சரிசமமா நின்னா வர்ற வெள்ள. இங்க ஒவ்வொரு ஓட்டும் கணக்குத்தான். நம்ம வீட்டையே எடுத்துக்குங்க. நீங்க ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். நம்ம வீட்ட மட்டும் மேப் போட்டா அதுவும் இந்த வெள்ளதான்."

"நான் யாருக்குப் போட்டேன்னு இவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அம்மா.

"ஒன் மூஞ்சியிலதான் எழுதியிருந்துச்சே" என்றேன்.

"ஒங்களுக்குத்தான் எழுத்தே தெரியாதே."

நீ சிரித்துச் சிரித்துக் கட்டிலில் சாய்ந்தாய். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது.

பிறகு நீ ஒரு வேடிக்கை காட்டினாய். "இப்ப இத மெஷின் கையில விடுறேன், பாருங்க" என்று எதையோ தட்டினாய். நம் வட்டாரம் பட்டென்று செம்மஞ்சளாக மாறியது. நான் பதறிப்போனேன். "நாம மாறிட்டோமா?"

"நாம மாறல. அது வெள்ளய நகர்த்திருச்சு. ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். ஊதா நல்லா ஜெயிச்ச எடத்துல எழுவது முந்தியிருக்கு. செம்மஞ்சள் எவ்வளவு ஜெயிச்சாலும் இருவதுதான். மெஷின் இந்த ரெண்டு நுனியையும் புடிச்சு, அதுக்கு நடு எதுன்னு பார்த்து அங்க வெள்ளய வச்சிருது. அந்த நடு சைபர் இல்லப்பா. ஊதா பக்கம் இருவத்தஞ்சு தள்ளி நிக்குது. அப்ப ஊதா கொஞ்சமா ஜெயிச்ச எடம் எல்லாம், ஜெயிச்சும் தோத்த நிறத்துல வந்துரும்."

எனக்குப் பாதிதான் புரிந்தது. உன் அம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். "கொழுந்து நிறுக்கிற தராசுல முள்ளு சைபர்ல நிக்காம தொங்கவிடுவானுங்களே, அது மாதிரியா?"

"அதேதான்மா" என்றாய்.

"அப்ப முள்ள சைபருக்குக் கொண்டாரணும்."

"அதுக்குத்தான் ரெண்டு நுனியையும் நான் கையால போடுறேன். இந்தப் பக்கம் எழுவதுன்னா அந்தப் பக்கமும் எழுவது. அப்பதான் நடு சைபர்ல நிக்கும்."

"செம்மஞ்சள் பக்கம் அவ்வளவு தூரத்துக்கு யாருமே போகலியே புள்ள" என்று கேட்டேன்.

"போகாட்டி என்னப்பா. கொஞ்சமா ஜெயிச்சவன் கொஞ்சமாத்தான் தெரியணும்."

உங்கள் ஒபிஸ் மேலதிகாரி, அந்தச் சேருக்கு அது பிடிக்கவில்லை என்றும் அன்றே சொன்னாய். ஒரு பக்கம் வெளுத்துப் போயிருக்கிறது என்கிறாராம். வெள்ளையை சைபரில் விட்டுவிட்டு, செம்மஞ்சளை மட்டும் தனியாக இழுத்து அடர்த்தியாக்கச் சொன்னாராம். "அப்ப இருவதும் எழுவதும் ஒரே அடர்த்தியில வந்துரும். அது வேற ஒரு பொய்" என்று முகத்தைச் சுளித்தாய். அதோடு விடவில்லை. போகும்போது, ஆள் இல்லாத காட்டுக்கெல்லாம் சாம்பல் நிறம் போட்டுவிடுகிறேன், உங்களைப் போல வேறு யாரும் வெள்ளையைப் பார்த்து மனசு நோகக் கூடாது என்றாய்.

அடுத்த போயாவுக்கு நீ வரவில்லை. டெங்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. நாங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நீ கண்ணைத் திறந்து பார்த்தாய். உன் உதடு வெடித்திருந்தது. அம்மா தண்ணீர் கொடுத்தாள். "நாளைக்கு வாங்கப்பா, இப்ப பஸ் போயிரும்" என்றாய்.

நான் நாளைக்கு வந்தேன், மகளே.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கு எழுத்துப் போதாது.

மழை விட்ட பிறகு, ஒரு நாள் காலையில் ரிஸ்னா போன் பண்ணினாள். வத்தேகமப் பிள்ளை, உன் பக்கத்து மேசையில் இருந்தவள், உன் சாப்பாட்டையும் அவள் சாப்பாட்டையும் கலந்து சாப்பிடுவீர்களே, அவள்தான். சாவு வீட்டுக்கு அவள் வாப்பாவோடு வந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பொழுது சாயும்வரை இருந்தாள். "அங்கிள், ஒரு விசயம் கேக்க ஈக்கிது. போன்ல செல்ல ஏலா. ஒருக்கா ஒபிஸுக்கு வர ஏலுமா?" என்றாள். சொல்ல முடியாது என்பதைச் 'செல்ல ஏலா' என்பாளே, அதே பேச்சு.

நானும் போனேன். மாடிப்படியின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒட்டியிருந்ததை எல்லாம் வாசித்துக்கொண்டே ஏறினேன். உன் மேசையில் வேறு யாரோ ஒரு தம்பி இருந்தான். ரிஸ்னா அவளுடைய கதிரையை எனக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டாள். திரையில் உன் மேப்பைத் திறந்தாள். உடனே அடிப்பக்க மூலையைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

"இத வாசிங்க அங்கிள். நீங்க படிக்கிறதா ஆன்ட்டி சென்னாங்க."

வாசித்தேன். வ. ரை. ப. ட. ம். பிறகு இரண்டு புள்ளி. பிறகு மு. பிறகு கோ. பிறகு கி. பிறகு லா.

வரைபடம்: மு. கோகிலா.

திரும்ப வாசித்தேன். யாரும் உதவி செய்யவில்லை. முன்னால் நின்ற அந்த ஒற்றை எழுத்து நான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் வேலையின் மூலையில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தோம். எனக்குச் சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"இது எல்லாச் சபைக்கும் போகப் போற மேப், அங்கிள். சுவர்ல மாட்டுற சைஸ்" என்றாள் ரிஸ்னா. ஆனால் அவள் முகத்தில் சந்தோசம் இல்லை. படத்தைச் சின்னதாக்கினாள். நம் மலை வந்தது.

நம் வட்டாரம் செம்மஞ்சளாக இருந்தது.

எப்படி நடந்தது என்று சொன்னாள். நீ போன பிறகு சில வட்டாரங்களின் எண்ணிக்கையில் திருத்தம் வந்திருக்கிறது. "நம்பர மாத்தினா நிறங்களத் திரும்பப் பிரிக்கிற பட்டன அமத்த வேணும் அங்கிள். அமத்தினா, கோகிலா கையால போட்ட ரெண்டு நுனியையும் அது அழிச்சிட்டு, தன்ட பாட்டுல வேற போட்டுக்கும். அவ ஒவ்வொரு தடவையும் திரும்பக் கையால போடுவா. அவ போடுறது மத்தவங்களுக்குத் தெரியா. யார்ட பிழைன்னும் செல்ல ஏலா." ரிஸ்னா லீவில் இருந்தபோது இது நடந்திருக்கிறது. வந்து பார்த்தபோது மேப் பளிச்சென்று இருந்திருக்கிறது. எல்லாருக்கும் பிடித்துப்போயிருக்கிறது. மேப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டவர்களுக்கும் காட்டி, அவர்களும் சரி என்று சொல்லியாகிவிட்டது. ரிஸ்னா சேரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். மாற்ற முடியாது என்றுவிட்டார்.

"மாத்த ஏலாட்டி போகட்டும். ஆனா அவட பேரப் போட்டு இத அனுப்ப எனக்கு மனசு வரல்ல. எடுக்கவும் மனசு வரல்ல. நீங்கதான் செல்லணும்" என்றாள்.

சேர் உள்ளேயிருந்து வந்தார். நல்ல மனிதர். உன் பெட்டியைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். அவர் சிங்களத்தில் பேசினார், எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நானும் பேசினேன்.

"அவ எங்க பிள்ள ஐயா. அவ பேர் நிக்கணும்னு நான்தான் போடச் சொன்னேன்."

"பெரிய உபகாரம் சேர். ஆனா வெள்ள தள்ளி நிக்குதாமே."

"ஒரு சில வட்டாரம்தான். சுவர்ல மாட்டினா யாருக்கும் தெரியாது. பழைய மாதிரிப் போட்டா பாதி மேப் கழுவி விட்ட மாதிரி இருக்கு. கேட்டவங்களும் இதப் பார்த்துத்தான் சரின்னாங்க. நாளைக்கு அச்சுக்குப் போகுது."

அவர் சொன்னதில் கோபம் இல்லை. எனக்கும் இல்லை. ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கினேன்.

தேத்தண்ணி ஆறிப்போனது. என்ன யோசித்தேன் தெரியுமா? உன் பெயர் இத்தனை சுவர்களில் தொங்கும். நானும் அம்மாவும் பஸ் ஏறி, பன்விலைக்கும் வத்தேகமவுக்கும் போய், ஒவ்வொரு சபையிலும் நுழைந்து வாசிக்கலாம். கட்டிய பேனர் மாதிரி அது மழையில் கிழியாது. உலகத்துக்கு நீ இருந்தாய் என்று தெரிய அது ஒன்றுதான் இருக்கிறது. அதைப் போய் வேண்டாம் என்று சொல்வதா? ஒரு வட்டாரத்தின் நிறத்துக்காகவா? என்னையே கேட்டுக்கொண்டேன். பெயர் வேண்டும் என்றுதான் மனசு சொன்னது. பொய் சொல்ல மாட்டேன். வேண்டும் வேண்டும் என்றுதான் சொன்னது.

ஆனால் நீ ஒவ்வொரு தடவையும் திரும்பக் கையால் போட்டாய் என்று ரிஸ்னா சொன்னாளே. யாரும் பார்க்காதபோதும், யாரும் கேட்காதபோதும். அந்தப் பிள்ளையின் பெயரை, முள் தள்ளி நிற்கிற தராசில் நான் தொங்கவிடலாமா? நீ இருந்திருந்தால் இதற்குக் கையெழுத்துப் போடுவாயா? நீ எனக்குப் பதில் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு தூரம் யோசித்திருக்க மாட்டேன்.

மேலே ஏறிப் போனேன். "பேரை எடுத்துருங்க சேர்."

"ஐயா, அவசரப்படாதீங்க. அச்சாயிட்டா பிறகு சேர்க்க முடியாது."

"தெரியும் சேர். அவ இத செய்யல. எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

அவர் திரையை ஒரு தடவை பார்த்தார். பிறகு ரிஸ்னாவிடம் தலையசைத்தார்.

ரிஸ்னா உன் பெயருக்குப் பின்னால், திரையில் மினுக்கும் அந்தச் சின்னக் கோட்டைக் கொண்டுபோய் வைத்தாள். நான் எழுத்துக்கூட்டி முன்னால் போன வழியிலேயே அது பின்னால் வந்தது. லா போனது. கி போனது. கோ போனது. கடைசியாக மு மட்டும் கொஞ்ச நேரம் தனியாக நின்றது. ரிஸ்னாவின் விரல் அங்கே நின்றுவிட்டது. அவள் என் பக்கம் திரும்பவில்லை. நான்தான் சொன்னேன், "அதையும் எடும்மா. அவ இல்லாம அது எதுக்கு?"

எழுத்துப் படித்திருக்கக் கூடாது என்று அன்றைக்குத்தான் நினைத்தேன். தெரியாதவனாக இருந்திருந்தால், ஏதோ கறுப்புப் புள்ளிகள் போனதாக இருந்திருக்கும்.

நான் எழும்பும்போது சேர் தன் அறை வாசலில் இருந்து ரிஸ்னாவைக் கூப்பிட்டார். கோகிலா கடைசியாக வைத்த ஃபைலில் இருந்து ஐயாவுக்கு ஒன்று அடித்துக் கொடு, நல்ல கடதாசியில் அடி என்றார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார். ரிஸ்னா உன் பழைய ஃபைலைத் தேடி எடுத்தாள். பெரிய மெஷினில் இருந்து அது மெல்ல மெல்ல இறங்கி வந்தது. ஊதா வந்தது, பிறகு வெளிறல் வந்தது, காட்டுக்குச் சாம்பல் வந்தது. நீ சொன்னதைச் செய்திருக்கிறாய். பிறகு நாங்கள் வந்தோம், வெள்ளையாக. திருத்தம் வருவதற்கு முந்தியது என்பதால் எங்கோ இரண்டு மூன்று வட்டாரம் பழைய கணக்காம். ஆனால் நடு சைபரில் நிற்கிறது. உன் பெயரை நீ அந்த ஃபைலில் போட்டிருக்கவில்லை. 'வரைபடம்' என்று எழுதி, இரண்டு புள்ளி வைத்து, அப்படியே விட்டிருந்தாய்.

"பேர டைப் பண்ணித் தரட்டா அங்கிள்?" என்றாள்.

"வேணாம்மா. நான் எழுதுறேன்."

பஸ்ஸில் அதைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு ஒரு போர்டையும் வாசிக்கவில்லை. வீட்டில் கட்டிலில் விரித்தோம். நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்தாள் உன் அம்மா. விரலை எங்கும் அலையவிடாமல் நேராக மலையில் கொண்டுபோய் வைத்தாள். "இந்தா இருக்கு நம்ம வெள்ள" என்றாள். பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன மாதம், நாங்கள் குடியிருக்கும் லயத்து ரோட்டில் மதகு உடைந்ததைச் சொல்ல நம் சபை ஒபிஸுக்குப் போனேன். அந்த மேப் அங்கே சுவரில் இருந்தது. பளபளவென்று நல்ல கடதாசி. கிட்டே போய் மூலையைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் பார்த்தேன். மேசையில் இருந்த தம்பி நான் எந்த ஊர் என்று கேட்டான். சொன்னேன். அவன் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மேப்பைப் பார்த்தான்.

"ஆ, நீங்க எல்லாரும் அந்தப் பக்கத்து ஆளுங்கதானே" என்று சிரித்தான்.

"எங்க வீட்டுலயே நாங்க ரெண்டு பக்கம் தம்பி" என்றேன்.

"அப்படியா? மேப்ல அப்படி இல்லியே."

கெட்ட பையன் இல்லை. சும்மா விளையாட்டுக்குச் சொன்னான். மதகைக் குறித்துக்கொண்டான். இன்னும் யாரும் வந்து பார்க்கவில்லை. மற்ற ஊர்களுக்கும் வரவில்லையோ என்னவோ, அதை நான் தெரியாமல் சொல்லக் கூடாது. ஆனால் அவன் முதலில் பார்த்தது என் முகத்தை இல்லை, சுவரை. அது மட்டும் நிச்சயம்.

பெயரை எடுக்கச் சொன்னது சரியா, கோகிலா? அம்மா சரி என்கிறாள். மற்ற நாளில் நான் எது சொன்னாலும் அந்தப் பக்கம் நிற்கிறவள், இதில் மட்டும் என்னோடு நிற்கிறாள். அதுவே எனக்குப் பயமாக இருக்கிறது. உன் பெயரை உலகத்தில் இருந்து அழித்தவன் நானா, காப்பாற்றியவன் நானா? சில நாள் காலையில் ஒன்று தோன்றுகிறது, சாயங்காலம் மற்றது.

மேப்பில் இன்னும் நான் எழுதவில்லை. இருப்பது ஒன்றே ஒன்று. பேனா பட்டால் அழிக்க முடியாது. 'கோ'வின் கொம்பு எனக்கு இன்னும் சாய்ந்து விழுகிறது. 'லா' பெருத்துவிடுகிறது. நீ சைபர் எங்கே என்று அவ்வளவு பாடுபட்டாயே, அந்தக் கடதாசியில் நான் கோணலாக எழுதலாமா? "இன்னுமா எழுதல? உங்க மகதானே, கோணலா இருந்தா கோவிச்சுக்கவா போறா" என்கிறாள் அம்மா. அதைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

இந்தக் கடிதம் முழுக்க உன் பெயரை எத்தனை தடவை எழுதியிருக்கிறேன் பார். முதலில் எழுதியதையும் கடைசியில் எழுதியதையும் மிஸ் பார்த்தால் வித்தியாசம் சொல்வார்.

கை நிதானப்பட்டதும் அந்த இரண்டு புள்ளிக்குப் பிறகு உன் பெயரை எழுதுவேன். எழுதி, மை காய்ந்ததும் சுருட்டிக்கொண்டு அந்தச் சபை ஒபிஸுக்குப் போவேன். சுவரில் இருக்கும் மேப்புக்குப் பக்கத்தில் இதையும் மாட்டுங்கள் என்று கேட்பேன். முடியாது என்றால் திரும்பிக் கொண்டுவருவேன். அடுத்த மாதமும் கேட்பேன். நான் கேட்பது அவர்களுக்கு அலுத்துப்போகும்வரை கேட்பேன். மாட்டினார்கள் என்றால், அந்தத் தம்பி கதிரையைத் திருப்பும்போது இரண்டையும் பார்க்கட்டும். எது சரி என்று நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அங்கே நின்று உன் பெயரை மட்டும் உரக்க வாசிப்பேன்.

உன் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தாக நிற்கிற
உன் அப்பா,
முத்தையா
மடுல்கெல்ல